காலில் கட்டுடன் வீடு வந்த பிள்ளை

வேலணை வங்களாவடிச் சந்தியிலிருந்து பிரிந்து செல்லும் ஒழுங்கையொன்றில், சில வருடங்களுக்கு முன்பு, புகையிலைக்குத் தண்ணீர் மாறும் ஒரு பின்னேரம் நடந்த சம்பவம் இது. தகப்பன் தோட்டத்தில் நின்றார். தாய் அடுப்படியில் நின்றாள். இரண்டு வயதும் சில மாதங்களுமான மகன் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு முற்றத்தில் ஓடினான். பழைய வீட்டின் அத்திவாரக் கற்கள் இரண்டுக்கிடையில் வலது பாதம் சிக்கியது. உடம்பு ஒரு பக்கம் திரும்ப, அப்படியே விழுந்தான். உயரத்திலிருந்து விழவில்லை. இரத்தம் வரவில்லை. வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. தூக்கி வைத்திருந்தால் அழுகை அடங்கியது. நிலத்தில் நிறுத்தினால் வலது காலை மடக்கிக்கொண்டு அலறினான்.

அந்தக் கற்களுக்கும் ஒரு கதை உண்டு. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தினுள் வந்தபின், அந்த வருடமும் அடுத்த வருடமுமாக வேலணை மக்களிற் பெரும்பகுதியினர் பண்ணைக் கடலுக்கு அப்பால் சென்றனர். இந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் அப்படிச் சென்றவர். யாழ்ப்பாணம், தென்மராட்சி, வன்னி என்று அலைந்து, 2009 இல் போர் முடிந்தபின்னரே காணிக்குத் திரும்பினார். வீடு இருந்த இடத்தில் பற்றையும் அத்திவாரமும் எஞ்சியிருந்தன. பக்கத்தில் சிறு வீடொன்றைக் கட்டினார்கள். பழைய அத்திவாரத்தை மாத்திரம் கிண்டி எறிய அம்மம்மா விடவில்லை. "அது எங்கட ஐயா போட்ட கல்லு" என்று எம்மிடமும் சொன்னார். பிள்ளை விழுந்த பின்பு அந்தச் சொல்லை அவர் எத்தனை தடவை நினைத்து அழுதிருப்பாரோ தெரியாது.

அந்தக் குடும்பத்தை நாம் மூன்று தடவைகள் சந்தித்தோம். பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறோம். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கும், மீண்டும் காணி திருத்தி வாழத் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்கும் அவர்களது அனுபவம் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

புக்கையா, எக்ஸ்ரேயா?

அன்றிரவு வீட்டில் வாக்குவாதம். முறிவு நெரிவு என்றால் ஒட்டகப்புலத்தாரிடம் போய்ப் புக்கை கட்டுவதே அம்மம்மா அறிந்த வழக்கம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தபோது அந்த வைத்தியப் பரம்பரையும் சேர்ந்தே இடம்பெயர்ந்தது. எனினும் பெயர் மங்கவில்லை. தமிழ்நாட்டில் புத்தூர்க் கட்டுக்கு இருக்கும் மதிப்புப் போன்றது அது. நாம் அந்த வைத்தியத்தை இகழ வரவில்லை. வளர்ந்தவர்களின் சுளுக்குக்கும் நெரிவுக்கும் அதனால் ஆறுதல் கண்டவர்கள் எமது வாசகர்களிலேயே பலர் இருப்பர். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் கால் வேறு விடயம். எங்கே நோகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. எலும்பு எவ்விதம் முறிந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே இல்லாமல் கையால் தடவி அறிவதும் கடினம்.

மறுநாள் எக்ஸ்ரேயில் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பில் மயிரிழை போல ஒரு சரிவான கோடு தெரிந்தது. நடை பழகும் வயதில், ஏறத்தாழ ஒன்பது மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரும் முறிவு இது. கால் ஓரிடத்தில் நிலைத்து நிற்க உடம்பு முறுகினால் போதும். பாயில் தடுக்கினாலும் வரும். பெரியவர் மடியில் இருந்து சறுக்குப் பலகையில் வரும்போது பிள்ளையின் கால் ஓரத்தில் சிக்கினாலும் வரும். சிலவேளை முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாட்களின் பின் புதிய எலும்பு படரும்போதுதான் கோடு தென்படும். ஆகவே "படத்தில் ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்ட பிள்ளை பின்னரும் காலை ஊன்றாதிருந்தால், திரும்பவும் கொண்டு செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த வயது எலும்புக்கு ஒரு வரம் உண்டு. அதைச் சுற்றியுள்ள உறை தடிப்பானது, இரத்த ஓட்டம் நிறைந்தது. வளர்ந்த ஒருவருக்கு மாதக்கணக்கிற் பொருந்தும் முறிவு இவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களிற் பொருந்திவிடும். தொடை எலும்பு முறிந்தாற்கூட அநேகமாக நான்கு தொடக்கம் ஆறு வாரங்களே. எமது பிள்ளைக்குப் பாதத்திலிருந்து தொடையின் நடுப்பகுதி வரை பிளாஸ்ரர் கட்டுப் போட்டு, கிளினிக் திகதி எழுதிய துண்டொன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். சன நெரிசலான நாள். கட்டைப்பற்றித் தாய்க்கு யாரும் விபரமாக எதுவும் சொல்லவில்லை. "நனைக்காதேங்கோ" என்ற ஒரு சொல்லுடன் அவள் பஸ் ஏறினாள்.

பயணம் போவதற்கென்று பிறந்த கட்டு

பிளாஸ்ரர் கட்டு எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. முற்காலத்தில் கால் முறிந்தவர் பலகை வைத்துக் கட்டப்பட்டு, வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பார். 1851 இல் ஒல்லாந்து நாட்டின் ஹார்லெம் நகர இராணுவ வைத்தியசாலையில் இருந்த அன்டோனியஸ் மத்தைசன் என்ற வைத்தியர், பருத்தித் துணிப் பட்டியிற் பரிசுச் சாந்து மாவைத் தேய்த்து வைத்துக்கொண்டு, தேவையானபோது நனைத்துக் காலைச் சுற்றினார். சில நிமிடங்களில் அது கல்லாகியது. அடுத்த ஆண்டு தமது முறையை நூலாக வெளியிட்டார். கிரிமியாப் போரில் ரஷ்ய வைத்தியர் நிக்கொலாய் பிரகோவ் காயப்பட்ட படையினர் பலருக்குப் பிளாஸ்ரர் கட்டுப் போட்டார். எமது தீவுக்கு லைடன் என்று தங்கள் ஊர்ப்பெயரைச் சூட்டிச் சென்ற அதே ஒல்லாந்தரின் நாட்டிலிருந்து வந்த பொருள்தான், வேலணைப் பிள்ளையின் காலிலும் இருந்தது.

முறிந்தவரை இடம் மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அந்தக் கட்டின் நோக்கம். அதனால் ஒன்று நடந்தது. முன்பு நோயாளி வைத்தியசாலையிற் கிடந்த காலத்தில், வைத்தியரும் தாதியும் நாளுக்குப் பல தடவை காலைப் பார்த்தனர். கட்டு வந்தபின் நோயாளி வீட்டுக்குப் போகலானார். கால் பார்க்கும் வேலையும் அவரோடு வீட்டுக்குப் போனது. இப்போது அந்த வேலை தாயுடையது. அந்த வேலை தன்னிடம் தரப்பட்டிருக்கிறது என்பதைத் தாய்க்கு எவரும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இரண்டாம் இரவு காட்டியது.

இரண்டாம் இரவு

முதல் நாள் பிள்ளை முனகினான், பால் குடித்தான், நித்திரையானான். இரண்டாம் நாள் பொழுதுபடும்போது அழுகை கூடியது. எழுதித் தந்த பனடோல் பாணி கொடுத்தார்கள். அடங்கவில்லை. தூக்கினால் அடங்கும் பிள்ளை தூக்கியும் அடங்கவில்லை. இரவு பத்து மணியளவில் தாய் கைவிளக்கைப் பிடித்துக் கட்டின் நுனியைப் பார்த்தாள். விரல்கள் ஐந்தும் உப்பிப்போய், ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. மற்றக் காலின் விரல்களைவிடக் கருமையாக இருந்தன. தொட்டால் குளிர்ந்தது.

"முறிஞ்ச கால் நோகத்தானே செய்யும் பிள்ளை. விடியட்டும் பாப்பம்" என்றார் அம்மம்மா. எத்தனை வருடங்களாக எமது மக்கள் விடியும் வரை காத்திருந்து பழகியவர்கள். ஊரடங்கு இருந்தது, சோதனைச் சாவடி இருந்தது, எரிபொருள் இருக்கவில்லை. இரவில் நோய் வந்தால் விடியட்டும் என்பதைத் தவிர அன்று வேறு சொல் இருக்கவில்லை. தாய் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. அயலில் உள்ள ஒருவரின் தொலைபேசியில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தாள்.

அந்த இலக்கம் தீவக மக்களுக்கு வேறொரு ஞாபகத்தைத் தருவது. ஆனால் இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அதுதான். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அன்றிரவே வைத்தியசாலையில் கட்டை நீளவாக்கில் வெட்டி, உள்ளிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி விரித்துவிட்டார்கள். அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளை தாயின் மடியில் நித்திரையாகிவிட்டான். விரல்கள் சிவந்து சூடேறின. விடியட்டும் என்று இருந்திருந்தால் என்று வைத்தியர் சொல்லத் தொடங்கி, தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

அவர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லிவிடுகிறோம். முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாட்களில் வீங்கும். கட்டு விரியாது. உள்ளே அமுக்கம் கூடும்போது தசைக்கு இரத்தம் போவது தடைப்படும். இரத்தம் கிடைக்காத தசை ஏறக்குறைய ஆறு மணித்தியாலங்களில் மீளமுடியாத சேதத்தை அடையத் தொடங்கும். 1881 இலேயே ஜெர்மன் வைத்தியர் ரிச்சர்ட் வொன் வோல்க்மன், இறுக்கிய கட்டினால் தசைகள் செத்துச் சுருங்கிக் கை கால்கள் முடமாவதை விபரித்து எழுதியிருக்கிறார். பிளாஸ்ரர் என்றாலும், மூங்கிற் பத்தை வைத்த நாட்டுக்கட்டு என்றாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். வைத்தியத்தின் பெயரைவிட இறுக்கம்தான் முக்கியம்.

ஆகவே முதல் மூன்று நாட்களும், பகலில் மணிக்கொரு தடவையும் இரவில் எழும்பும் போதெல்லாமும், விரல்களைப் பாருங்கள். இரண்டு கால்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே இலகு. எமது நிறத்துத் தோலில் நிறமாற்றம் உடனே தெரியாது. நகத்தையும் உள்ளங்காலையும் பாருங்கள். பெருவிரல் நகத்தை மெதுவாக அழுத்தி விட்டால், வெளிறிய நகம் இரண்டு செக்கனுக்குள் திரும்பவும் சிவக்கவேண்டும். விரலைக் கூசினால் பிள்ளை அசைக்கவேண்டும். ஆனால் விரல் நன்றாக இருக்கிறது என்பதை மாத்திரம் நம்பி இருந்துவிடாதீர்கள். மருந்து கொடுத்தும், தூக்கியும், பால் கொடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டு போகும் அழுகையே எல்லாவற்றுக்கும் முந்திய அடையாளம். விரலை மெதுவாக மேல்நோக்கி நீட்டும்போது வீரிட்டால் இன்னும் நிச்சயம். அப்போது நேரம் பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே உள்ள பெரிய வைத்தியசாலைக்கே போகவேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். கட்டைப் பிளந்து தளர்த்த எக்ஸ்ரே தேவையில்லை. மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு முதலிற் செல்லுங்கள்.

நெடுந்தீவுப் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். குறிகட்டுவானிலிருந்து உங்கள் ஊருக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். மாரியில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. புதிய கட்டுடன் அன்றைய படகிலேயே திரும்ப அவசரப்பட வேண்டாம். முடிந்தால் முதல் இரண்டு மூன்று நாட்களை இக்கரையில் உறவினர் வீட்டிற் கழியுங்கள். ஆட்டையும் மாட்டையும் பார்க்க ஆளில்லை என்பீர்கள். அயலவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

வேறு சில விடயங்களும் இந்த நாட்களுக்கே உரியவை. காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். தலையணை இல்லாவிட்டால் மடித்த சேலைகள் போதும். சாந்துக்கட்டு சில நிமிடங்களிற் கல்லாகினாலும், உள்வரை காய இரண்டு நாட்கள் செல்லும். அதுவரை விரல் நுனிகளாற் பிடித்துத் தூக்கினால் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் உள்ளே தோலை உறுத்திப் புண்ணாக்கும். உள்ளங்கைகளை விரித்து ஏந்துங்கள். போர்வையால் மூடாமல் காற்றுப்பட விடுங்கள். அடுப்பருகே வைத்துக் காயவைக்க வேண்டாம். போடும்போது கட்டு சூடாவது சாந்து உறைவதால் வரும் சூடு, சில நிமிடங்களில் ஆறிவிடும். இப்போது பைபர்கிளாஸ் கட்டும் போடுகிறார்கள். அது பாரம் குறைந்தது, விரைவிற் காயும். ஆனால் உள்ளே இருப்பது அதே பஞ்சுதான். அதுவும் நனையக்கூடாது.

மணலும் எறும்பும்

முதல் வாரம் கழிந்தபின் பயம் குறைகிறது, தொல்லை தொடங்குகிறது. இரண்டு வயதுப் பிள்ளையை ஓரிடத்தில் இரு என்று சொல்ல முடியுமா? நாம் இரண்டாம் தடவை சென்றபோது, எமது சிறுவன் கட்டை இழுத்துக்கொண்டு முற்றம் முழுவதும் தவழ்ந்து திரிந்தான். வேலணை மணல் வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கும். அது கட்டின் மேல் விளிம்பால் உள்ளே போனால் ஒவ்வொரு மணியும் அரம் போல வேலை செய்யும். அதைவிட மோசம், அவனே உள்ளே போடும் பொருட்கள். பிஸ்கற் துண்டு ஒன்றைத் தொடைப் பக்கத்தால் உள்ளே விட்டிருக்கிறான். அன்றிரவு எறும்பு வரிசை கட்டியது. தாய் கண்டு மறுநாள் கிளினிக்கிற் காட்டினாள். புளியங்கொட்டை, காசு, சட்டைத் தெறி என்று பிள்ளைகள் உள்ளே விடாத பொருளில்லை என்று அங்கிருந்த தாதி சிரித்தாராம்.

அதன்பின் அவள் ஒரு வழி கண்டாள். தகப்பனின் பழைய பெனியனை வெட்டிக் குழாயாகத் தைத்து, கட்டு முழுவதற்கும் உறையாக்கினாள். விரல் பார்க்க நுனியை மடித்துவிடலாம். இறுக்கமான இலாஸ்ரிக் போடவில்லை. சாப்பாட்டு வேளையில் இடுப்பைச் சுற்றி ஒரு துணி. இது எமக்கு மிகவும் பிடித்தது. கடையில் வாங்கிய எந்தப் பொருளும் இவ்வளவு நன்றாக அமைந்திராது.

சொறி வரும், நிச்சயமாக வரும். எங்கள் வீடுகளில் ஈர்க்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதை உள்ளே விடக்கூடாது. பின்னற் கம்பி, சீப்புப் பிடி எதுவும் கூடாது. சிறு கீறல் இருட்டிலும் வியர்வையிலும் புண்ணாகிப் புரையோடும், வெளியே தெரியாது. பவுடரும் எண்ணெயும் உள்ளே கட்டியாகும். கட்டின்மேல் மெதுவாகத் தட்டுங்கள், பனையோலை விசிறியால் விளிம்பில் வீசுங்கள், மற்றக் காலைச் சொறிந்து விடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் மற்றக் காலைச் சொறிவது பலனளிக்கிறது. கட்டுக்குள்ளிருந்து கெட்ட மணம் வந்தால், வெளியே ஈரக்கறை தோன்றினால், வேறு காரணமின்றிக் காய்ச்சல் அடித்தால், கிளினிக் திகதி வரை இருக்கவேண்டாம்.

குளிப்பாட்டுதல் என்பது துடைத்து விடுதல்தான். சொப்பிங் பையைக் கட்டிக் கிணற்றடியில் வார்த்தால் எங்கோ ஒரு வழியால் தண்ணீர் உள்ளே போகும். பொலித்தீனை இறுக்கி நாள்முழுக்க விட்டால் வியர்வையே நனைத்துவிடும். பிள்ளையின் கைக்கெட்ட பொலித்தீன் பையைப் போடுவது மூச்சுக்கும் ஆபத்து. நனைந்த கட்டைப் பெற்றோர் வெயிலிற் காயவைத்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். மேற்பக்கம் காயும், உட்பஞ்சு ஈரமாகவே இருந்து தோலை அழுகவைக்கும். நனைந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தொடை வரையான கட்டுக்குப் பெரிய எதிரி சிறுநீர். அதுவும் இடுப்பையும் சேர்த்துக் கட்டிய பிள்ளையென்றால் சொல்லத் தேவையில்லை. சிறிய துணியொன்றை மடித்துக் கட்டின் விளிம்புக்கு உட்புறமாகச் செருகி, அதன்மேல் பெரிய துணியை வெளியால் கட்டுங்கள். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் ஈரம் முதுகுப்பக்கமாகக் கட்டுக்குள் ஊறாது. இடுப்புக் கட்டில் இரண்டு கால்களுக்கும் குறுக்கே தடி வைத்திருந்தால், அதைக் கைபிடியாகப் பாவித்துத் தூக்கவே கூடாது. அப்படிப்பட்ட பிள்ளையை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். மலச்சிக்கல் வரும். தண்ணீரும் பப்பாசிப்பழமும் உதவும்.

ஏணையைப்பற்றி அம்மம்மாவுக்கும் எமக்கும் கருத்து வேறுபாடு. பிள்ளை ஏணையில்தான் நித்திரை கொள்வான் என்றார் அவர். கட்டின் பாரம் ஒரு பக்கம் இழுத்து ஏணை சரியும், கால் மடங்கித் தொங்கும் என்றோம் நாம். இறுதியில் நிலத்தில் பாய் விரித்து, அம்மம்மா பக்கத்திற் படுத்துத் தட்டினார். மூன்றாம் நாள் பழகிவிட்டான். இடுப்பில் வைத்துத் தூக்கும் வழக்கமும் கட்டுக்காலுக்கு ஆகாது. ஒரு கை முதுகிலும் மறு கை கட்டின் அடியிலுமாக ஏந்தவேண்டும். தோட்டவேலை செய்யும் தாய்மாருக்கு நாரிநோவு நிச்சயம். வீட்டிலுள்ள ஆண்களும் மாறிமாறித் தூக்கினால் என்ன குறைந்துவிடும்?

சாப்பாட்டுக்கு விசேட விதி எதுவும் இல்லை. கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்துவதுதான் கேடு. முள்ளோடு நன்றாக மசித்த நெத்தலி, முருங்கையிலை, குரக்கன், பால், கிளினிக்கிற் கிடைக்கும் திரிபோஷா, காலை வெயிலில் கொஞ்ச நேரம். எலும்புக்கு வேண்டியது இவற்றில் உண்டு.

நடக்கவிடலாமா என்பது ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி. அது முறிவைப் பொறுத்தது, வைத்தியரிடம் நேரே கேளுங்கள். சில முறிவுகளுக்குப் பிள்ளை தானாக எழும்பி நின்றால் தடுக்கவேண்டியதில்லை என்பார்கள். எப்படியாயினும் கட்டுடன் நிற்கும் பிள்ளை இலகுவில் தடுக்கி விழுவான். பற்றை மூடிய பாழ் கிணறுகளும், கட்டில்லாத கேணிகளும் உள்ள காணிகளில் இது சாதாரண விடயமல்ல.

"எப்படி விழுந்தவன்?"

இதை எழுதுவதா என்று யோசித்தோம். வைத்தியசாலையில் தகப்பனிடம் மூன்று பேர் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார்களாம்: பிள்ளை எப்படி விழுந்தவன், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு? அவர் கோபப்பட்டார். விசாரணை என்றாலே நெஞ்சு பதறும் வாழ்க்கையைக் கடந்து வந்தவர். "என்னைக் கள்ளன் மாதிரிக் கேட்டவை" என்று எம்மிடம் இரண்டு தடவை சொன்னார்.

அவரது கோபம் எமக்கு விளங்குகிறது. எனினும் அந்தக் கேள்வி தேவையானது என்றே நினைக்கிறோம். சிறு பிள்ளைகளின் எலும்பு சிலவேளை அடியினாலும் முறிகிறது. நடக்கத் தொடங்காத குழந்தையின் தொடை எலும்பு முறிந்து வந்தால் எந்த நாட்டிலும் வைத்தியர்கள் காரணம் தேடுவார்கள். சொல்லத்தெரியாத பிள்ளைக்காகக் கேட்கப்படும் கேள்வி அது. நடந்ததை நடந்தபடி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போதும். பயத்திற் கதையை மாற்றிச் சொல்வதும், அதற்கு அஞ்சி வைத்தியசாலைக்கே போகாமல் விடுவதும்தான் பிள்ளைக்குத் தீங்கு.

கட்டோடு வளரும் சில பிள்ளைகள்

கிளினிக் வாங்கில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில், பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்த குழந்தையோடு இன்னொரு தாய் இருந்தாள். அவளுக்கு வாரம் ஒரு கட்டு. வாரந்தோறும் பாதத்தைச் சற்றுத் திருப்பி, ஐந்தாறு தடவை புதிய கட்டுப் போட்டு நேராக்கும் இந்த முறையை வகுத்தவர் இக்னாசியோ பொன்செற்றி. 1914 இல் ஸ்பெயின் நாட்டின் மெனோர்கா என்ற தீவிற் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயப்பட்டோருக்கு வைத்தியம் செய்தார். 1939 இல் எல்லை கடந்து பிரான்சுக்கும், பின் மெக்சிக்கோவுக்கும் சென்று, கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் குடியேறினார். அவரும் தீவான், அவரும் இடம்பெயர்ந்தவர் என்றபோது அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வைத்தியத்தில் வாரம் தவறினால் திருத்தம் பின்னோக்கிப் போகும். கட்டு முடிந்த பின்பும் நான்கு வயதளவு வரை இரவிற் பாதணிக்கம்பி அணியவேண்டும். இடம் மாற நேர்ந்தால் கிளினிக் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். புதிய ஊரில் முதல் வாரமே குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

வாள் சத்தம்

கட்டு வெட்டும் நாளில் எமது சிறுவன் வைத்தியசாலையையே கலக்கிவிட்டான். கட்டு வெட்டும் இயந்திரம் பெருஞ்சத்தம் போடும். 1940 களில் அமெரிக்க எலும்பு வைத்தியர் ஹோமர் ஸ்ரைக்கர் அமைத்த அந்தக் கருவியின் தகடு சுழல்வதில்லை, அதிர்கிறது. கடினமான சாந்தை வெட்டும், மெத்தென்ற தோலோ கூடவே அசைந்து கொடுக்கும். இருந்தும் இரண்டு வயதுக்காரனுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? தாய் அவனை மடியில் வைத்து, காதைப் பொத்தி, முகத்தை நெஞ்சோடு அணைத்தாள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

உள்ளே இருந்த காலைக் கண்டு அழுதது அம்மம்மாதான். மெலிந்து, தோல் செதில் செதிலாக, மயிர் அடர்ந்து, ஒரு மணத்தோடு இருந்தது. இவை எல்லாம் வழமையானவை. இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் எண்ணெய் பூசினால் சில நாட்களில் தோல் தெளியும். உருவிவிடவும் வலிந்து மடக்கவும் வேண்டாம். நொண்டல் சில வாரங்கள் இருக்கும், நாளுக்கு நாள் குறையவேண்டும். குறையாமல் நின்றாலோ, திரும்பவும் ஊன்ற மறுத்தாலோ காட்டவேண்டும். தொடை எலும்பு முறிந்த பிள்ளைகளுக்கு அந்தக் கால் பின்னர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீண்டு வளர்வதும் உண்டு. அநேகருக்கு அதனால் தொல்லை இல்லை.

நாம் கடைசியாகச் சென்றபோது புகையிலை வெட்டி முடிந்திருந்தது. சிறுவன் இன்னமும் சற்று நொண்டிக்கொண்டே கோழியைத் துரத்தினான். வெட்டிய கட்டின் ஒரு பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மண் அள்ளி விளையாடினான். முற்றத்தில் அத்திவாரக் கற்கள் அப்படியே இருந்தன. இடைவெளிகளை மாத்திரம் தகப்பன் சீமெந்தால் அடைத்திருந்தார். அம்மம்மா அதன்மேல் ஒடியல் காயப்போட்டிருந்தார்.